கணக்கும் நிறைவும்: தேவகோட்டை வட்டாரத்து நகரத்தார் இல்லறம் குறித்த ஒரு மறுநோக்கு

அன்றாட வாழ்வை விழிப்போடும் மனநிறைவோடும் தான் கருதியபடியே நடத்துவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இக்காலத்தில் தரப்படும் விடைகள் பெரும்பாலும் இரண்டு வகையுள் அடங்கும். மனத்தைப் பழக்கினால் வாழ்வு தானே நெறிப்படும் என்பது முதல் வகை. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சியும், பௌத்தத் தியான மரபிலிருந்து அது எடுத்துக்கொண்ட மூச்சைக் கவனித்தல் முதலிய முறைகளும் இதன்பாற்படும். உடைமையையும் செலவையும் குறைத்துக்கொண்டால் மனம் தானே அடங்கும் என்பது இரண்டாம் வகை. இதற்குத் ‘தன்விருப்ப எளிமை’ எனப் பொருள்படும் பெயரை 1936இல் வழங்கியவர், காந்தியடிகளோடு பழகிய அமெரிக்கரான ரிச்சர்ட் கிரெக். இவ்விரு வகையாரும் தனிமனிதர் ஒருவரை நடுவில் நிறுத்தியே பேசுகின்றனர் என்பதும், அவர் எவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் வரம்பை அவரே வகுத்துக்கொள்வார் என்று எடுத்துக்கொள்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கவை.

அவ்வரம்பை ஒரு வீடோ ஒரு சமூகமோ ஏட்டிலும் அடுப்பிலும் நாட்காட்டியிலும் முன்கூட்டியே வைத்துவிட்டால் என்ன நேரும் என்பதை அறிய, செட்டிநாடு எனப்படும் தேவகோட்டையும் காரைக்குடியும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் நல்ல சான்றாகின்றன. நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தாரின் வணிக வரலாற்றை டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்ந்துள்ளது. நகரத்தார் பெண்களின் உறவுமுறை, சொத்துரிமை ஆகியவற்றை யூகோ நிஷிமுரா 1998இல் நூலாக்கினார். மாளிகைகளைப் பற்றிய படநூல்களுக்குக் குறைவே இல்லை. வணிகர் என்றும் வள்ளல் என்றும் வட்டிக்கடைக்காரர் என்றும் அவர்களைப் பலர் எழுதிவிட்டனர். ஆனால் ஒரு நாளை எப்படி நடத்தினர் என்னும் கோணத்தில் அவர்களது இல்லறத்தைப் பார்த்தோர் குறைவு. அக்கோணத்திலிருந்து பார்க்கும்போது போற்றத்தக்கனவும் உறுத்துவனவும் ஒன்றையொன்று ஒட்டியே கிடைக்கின்றன.

மழையை நம்பிய வறண்ட சீமை இது; ஊருணியும் கண்மாயும் நிறையாத ஆண்டில் விளைச்சல் இல்லை. இத்தகைய நிலத்தில் வேரூன்றிய நகரத்தார், இளையாற்றங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களின் வழியாகத் தம்மை வகுத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் வரை கொடுக்கல் வாங்கல் நடத்தினர். கடல்கடந்து ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதி மீண்டும் இவ்வறண்ட ஊர்களுக்கே வந்து வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் நின்றது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்ததற்கும் அவ்வீடுகளே காரணம்.

ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் இவ்வீடுகளைக் காண்போர் பர்மாத் தேக்குத் தூண்களையும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரின் வழவழப்பையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் கண்டு வியந்துவிட்டுப் போய்விடுகின்றனர். இல்லற ஒழுங்கைக் கற்க விரும்புவோர் பார்க்க வேண்டியது வளவு எனப்படும் நடுமுற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள சிறிய அறைகளையும் ஆகும். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை உண்டு. அவ்வறையில் அவன் மனைவியின் சீர்ப்பொருள்கள் இருக்கும். பின்கட்டில் அவர்களுக்கென ஓர் அடுப்பு இருக்கும். திருமணமாகிச் சில காலம் சென்றபின் மகனையும் மருமகளையும் தனிக் குடித்தனமாக்கும் சடங்குக்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே, பெற்றோர் அளந்து கொடுக்கும் அரிசி முதலியவற்றையும் பணத்தையும் கொண்டு அவ்விணை தன் செலவைத் தானே நடத்தத் தொடங்கும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் தொகுத்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இத்தனிச் சமையல் வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. கூட்டுக்குடும்பம் என்றாலே ஓர் உலை என்று எண்ணிப் பழகியோருக்கு இது விந்தையாகத் தோன்றும்.

இவ்வேற்பாட்டின் நுட்பம், வரம்பு கண்ணால் காணும்படி அமைந்திருப்பதில் உள்ளது. ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து வைத்த நெல் குதிருக்குள் இறங்கிக்கொண்டே வருவதை இளம் மருமகள் நாள்தோறும் பார்க்கிறாள். அடுத்த அடுப்பில் கொழுந்தன் மனைவி அதே அளவைக்கொண்டு எப்படி ஓட்டுகிறாள் என்பதும் அவளுக்குத் தெரிகிறது. கோடையில் மொட்டைமாடியில் காயும் வெண்டை வற்றலும் மாவற்றலும், மழைக்காலத்துக்குப் புளியையும் மிளகாயையும் கட்டி வைக்கும் பழக்கமும் இந்த அளவறிந்த வாழ்வின் உறுப்புகளே. திருக்குறள் 48ஆம் அதிகாரமான வலியறிதலில் வள்ளுவர் அரசனுக்குச் சொல்லும் வரவறிந்து செலவிடும் அறம் இங்கே பத்தொன்பது வயதுப் பெண்ணின் அடுக்களைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும் அடுத்த அடுப்பின் கண் எப்போதும் இந்த அடுப்பின்மேல் இருப்பதும் ஒரு சுமைதான். சிக்கனத்தைக் கற்பித்த அதே முற்றம் ஒப்பீட்டையும் பொறாமையையும் கற்பித்திருக்கும் என்று கருத இடமுண்டு.

சமூக அமைப்பில் இவ்வாறு குடித்தனம் நடத்தும் இணைக்குப் ‘புள்ளி’ என்று பெயர். மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. ஊர்க் கோயிலுக்கும் நகரக் கோயிலுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என வரி விதிக்கப்படும். செல்வரின் புள்ளியும் எளியவரின் புள்ளியும் ஏட்டில் ஒன்றே. இதனோடு சேர்த்து, வணிகத்தின் அளவுக்கேற்பக் கோயிலுக்கும் அறத்துக்கும் ஒதுக்கும் ‘மகமை’ என்னும் பங்கும் இருந்தது. ஆதாயம் கைக்கு வருமுன்பே அதில் ஒரு கூறு பிறர்க்குரியதாக எழுதப்பட்டுவிடுவதால், கொடுப்பது என்பது அவ்வப்போது எழும் இரக்கத்தைப் பொறுத்ததாக இல்லாமல் கணக்கின் ஒரு வரியாகிவிடுகிறது. காசியில் 1813 முதல் இயங்கிவரும் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்கு நாள்தோறும் பூசைப்பொருள் எடுத்துச்செல்லும் வழக்கம் இரண்டு நூற்றாண்டாக நடந்துவருவது, இவ்வாறு வரியாக எழுதப்பட்ட கொடையின் நீடிப்புக்குச் சான்று.

அடுத்து வருவது கணக்கு. செட்டிநாட்டின் விழிப்புநிலைப் பயிற்சி என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் இதைத்தான் சுட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் சிறுவன் கீழ்வாயிலக்கம் எனப்படும் பின்ன வாய்பாட்டை மனப்பாடம் செய்யத் தொடங்குவான். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரை அவன் நாவில் புரள வேண்டும். பின்னர்க் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். அதாவது பணப்பெட்டியின் அருகில் அமர்ந்து ஏவிய வேலை செய்துகொண்டே தொழில் பழகுவான். பிறகு அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாக உயர்வான். பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் குறிப்பேட்டில் அன்றன்றைய வரவும் பற்றும் ஏறும். அவை ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். குறித்த காலத்தில் எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை எடுக்கப்படும். ஐந்தொகை என்பது கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் நேர்நிறுத்தி, உள்ளபடி நிற்கும் நிலையைக் காட்டும் இருப்புக் குறிப்பு. கையிருப்பும் ஏடும் ஒத்துவராமல் பெட்டியைப் பூட்டக்கூடாது என்பது இத்தொழிலின் ஒழுக்கம். கால் ரூபாய் உதைத்தாலும் விளக்கை அணைக்காமல் அதைத் தேட வேண்டும்.

பகல் முழுதும் செய்தவற்றை இரவில் ஒருமுறை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்து, எங்கே கவனம் தவறியது என்று கண்டபின்பே படுக்கச் செல்லும் இப்பழக்கம், தியான நூல்கள் கூறும் இரவுநேரத் தன்னாய்விலிருந்து அதிகம் விலகியதன்று. வள்ளுவர் பொச்சாவாமை என 54ஆம் அதிகாரத்தில் பேசும் மறவாமை, இங்குக் கையால் எழுதும் வேலையாக மாறியிருக்கிறது. ஏறத்தாழ இதே எண்ணத்தோடு ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் இதழாளர் 1904இல் குடும்பத் தலைவியருக்கான வீட்டுக் கணக்கேட்டை வெளியிட்டார். எளிமைக்கு மேலைநாட்டில் இலக்கணமாகக் காட்டப்படும் தோரோவும், 1845இல் வால்டன் குளக்கரையில் குடில் கட்டியபோது அதற்கான செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று அரை சென்ட்டையும் விடாமல் எழுதி வைத்தவரே. எளிமையைத் தேடியோர் பலர் கணக்கேட்டின் வழியாகவே அங்குப் போய்ச் சேர்ந்துள்ளனர்.

கணக்கு ஆண்களின் தனியுடைமையாக இருந்ததில்லை. நகரத்தார் கடைகளின் வைப்புத்தொகைகளுள், உறவினரிடமிருந்து பெற்ற மேம்பணம், கோயில்களுக்குரிய கோயில் பணம் ஆகியவற்றோடு, பெண்களின் சீர்ப்பணமான ஆச்சிமார் பணமும் தனி வகையாகப் பதியப்பட்டது. அதன் வட்டி எவ்வளவு, எப்போது சேர்ந்தது என்பதை ஆச்சிமார் அறிந்திருந்தனர். கணவன் கொண்டுவிற்கப் போனபின், அதாவது கடல்கடந்து தொழிலுக்குப் போனபின், வீட்டையும் பிள்ளைகளையும் நிலபுலனையும் கோயில் வரியையும் நடத்தியவர்களும் அவர்களே. முகவராகச் சென்றவருக்கு ஒரு தவணை என்பது வழக்கமாக மூன்றாண்டு. குடும்பத்தை அழைத்துச்செல்லும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. அந்த மூன்றாண்டில் இருபுறமும் ஒருவகைத் துறவு நடந்தது. அங்கே ‘கிட்டங்கி’ எனப்படும் நீண்ட கூடத்தில் பல விலாசக்காரர்கள், அதாவது வெவ்வேறு வணிகப் பெயர்களில் தொழில் நடத்தியோர், ஆளுக்கொரு பெட்டியும் சாய்மேசையும் வைத்துக்கொண்டு, பொதுச் சமையலில் உண்டு, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தனர். சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் வேலை பார்த்த ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் இவ்வுலகின் வெளிப்புறக் கட்டுப்பாட்டையும் உள்ளே கனன்ற ஆசைகளையும் ஒருசேரக் காட்டியிருக்கிறார். கிட்டங்கி வாழ்வின் எளிமை மனநிறைவால் வந்தது என்று அந்நாவலைப் படித்த எவரும் கூறத் துணியமாட்டார்; அது பின்னாளில் அனுபவிக்கப்போகும் செல்வத்துக்காக இன்றைய நாளை அடகு வைத்த எளிமை. இங்கே காத்திருந்த பெண்ணுக்கோ அந்த அடகைப் பற்றி யாரும் கருத்துக் கேட்டதில்லை.

இவ்வாறு ஏட்டுக்குள்ளேயே சுருங்கிவிடக்கூடிய வாழ்வுக்கு எதிரெடை வைத்தவை ஆண்டின் நோன்புகள். அவற்றுள் பிள்ளையார் நோன்பு தனித்து நோக்கத்தக்கது. திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி 21ஆம் நாள், மார்கழிச் சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் இது நிகழும். புதுவேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து பிள்ளையாராகப் பிடித்த உருண்டையில் பதித்து ஏற்றுவர். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவரையும் அழைத்துச் சுடரோடு அதைக் கையில் தர, பெறுபவர் அதைச் சுடர் அணையுமுன் அப்படியே வாயிலிட்டு விழுங்க வேண்டும். இதற்கு ‘இழை எடுத்தல்’ என்று பெயர். கடலில் புயலிடைப்பட்ட வணிகர்கள் நாளொன்றுக்கு ஓர் இழையாக ஆடையிலிருந்து உருவி எண்ணி வைத்து, 21ஆம் நாள் கரைசேர்ந்ததன் நினைவு இது என்பது வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், எரியும் திரியை வாயருகே கொண்டுபோகும் அந்நொடியில் எவருடைய கவனமும் வேறெங்கும் அலைய முடியாது என்பது வெளிப்படை. பொரி வகைகளும் ஆவாரம்பூவும் போன்ற எளிய பொருள்களே படையலில் இடம்பெறுவதும், இலட்சாதிபதி வீட்டிலும் கூலிக்காரச் செட்டியார் வீட்டிலும் இழையின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதும் புள்ளி வரியின் சமன்மையையே வேறொரு வடிவில் காட்டுகின்றன.

தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குச் செல்லும் நடைப்பயணமும் இத்தகையதே. தேவகோட்டை, காரைக்குடி முதலிய ஊர்களின் காவடிகள் குன்றக்குடியில் கூடி, நத்தம் வழியாகப் பழனியை அடைகின்றன. போவதோடு நில்லாமல் திரும்பி வருவதும் நடந்தே என்பது நகரத்தார் காவடியின் தனிமரபு. வழியில் உண்பதும் உறங்குவதும் பொதுவில். பெரிய விலாசத்துக்காரருக்கும் தரையில்தான் படுக்கை. ஆண்டுக்கு ஒருமுறை குறைந்த பொருளோடு வாழ்ந்து பார்க்கும் இந்த ஒத்திகை, உடைமையைத் துறக்கச் சொல்வதில்லை. அதிலிருந்து சில நாள் விலகி நிற்க மட்டும் பழக்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்தைத் தம் பூர்விகமாகக் கொள்ளும் நகரத்தார், அவ்வூர் வணிகராக இருந்து அனைத்தையும் துறந்த பட்டினத்தாரைப் போற்றிக்கொண்டே பேரேட்டையும் விடாமல் இருந்ததன் இரகசியம் இவ்விடைப்பட்ட ஏற்பாட்டில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதுவரை கூறியவற்றைக்கொண்டு செட்டிநாட்டை நிறைவான வாழ்வின் மாதிரியாக நிறுத்துவது பிழையாகும். வேளைக்கு அளந்து உண்ட அதே வீடு ஆயிரம் பேர் அமரும் பந்திக்கட்டோடு கட்டப்பட்டது. திருமணத்தில் பெண்ணுக்குத் தரும் பாத்திரங்களையும் வைர நகையையும் வளவில் பரப்பிக் காட்டும் வழக்கத்தில், விலாசம் பொறித்த வெண்கல அண்டாக்களும் எவர்சில்வர் அடுக்குகளும் ஒருபோதும் அடுப்பேறாமலே அறைகளில் அடைபட்டுக் கிடந்தன. அன்றாடச் செலவில் காசுக்குக் காசு விழிப்பாக இருந்தோர் சீர்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டனர். கணக்கு, செலவு எங்கே போகிறது என்று காட்டுமேயன்றி, அது போகத்தக்கதுதானா என்று கேட்காது.

இதனினும் பெரிய குறை பர்மாவில் வெளிப்பட்டது. 1930இல் கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து உழவர் கடனைக் கட்டமுடியாமற்போக, 1938இல் அது 25 விழுக்காடாகியது. பணமாகப் புரட்டத் தெரிந்தவர்கள் விரும்பாமலே நிலக்கிழார் ஆயினர் என்று கூறப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் ஐந்தொகையில் ஒரு வரியாக ஏறிய அந்நிலம் ஒவ்வொன்றும் ஒரு பர்மிய உழவனின் வீடு என்பதை எந்தப் பேரேடும் காட்டவில்லை. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பில் பலர் கால்நடையாகவே அசாம் வழி திரும்பினர். 1948இல் நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1963இல் வங்கிகளும் நாட்டுடைமையாயின. செட்டிநாட்டுச் செல்வத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிட்டது. அதே பர்மாவுக்கு 1955இல் பொருளாதார ஆலோசகராகச் சென்ற ஷூமாக்கர், குறைந்த நுகர்வில் நிறைந்த நலம் காணும் பௌத்தப் பொருளியல் பற்றிய கருத்தை அங்கிருந்தே உருவாக்கி, பின்னர் 1973இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் சேர்த்தார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எளிமையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்கக்கூடாத வேறொரு செய்தியும் இவ்வட்டார வரலாற்றில் உண்டு. தேவகோட்டை அடங்கியிருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931இல் அவை பதினொன்றாக விரிந்தன. பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, ஆடை இன்ன அளவுக்கு மேல் உடலை மறைக்கக்கூடாது என்பன போன்ற அத்தடைகளை ஜே. எச். ஹட்டன் 1946இல் வெளியிட்ட சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். வளவு வீட்டில் ஒருவர் தாமே நகையைக் கழற்றி வைப்பது நோன்பு. சில மைல் தொலைவில் மற்றொருவர் நகை அணியவே கூடாது என்பது ஒடுக்குமுறை. பார்வைக்கு இரண்டும் எளிமையாகவே தோன்றும். குறைவாக வாழ்தலை அறமென்று போற்றும் எந்த ஆய்வும், அக்குறைவை விட்டு விலகும் உரிமை உரியவருக்கு இருந்ததா என்று முதலில் கேட்டாக வேண்டும். இக்கேள்வியைக் கேளாத எளிமைப் புகழ்ச்சி பெரும்பாலும் வசதியுள்ளோரின் பொழுதுபோக்காக முடிகிறது.

இம்மூன்று குறைகளையும் எதிர்கொண்ட சிந்தனை ஒன்று அதிகத் தொலைவில் இல்லாத தே. கல்லுப்பட்டியிலேயே இருந்தது. தம் இறுதிக்காலத்தை அங்குக் கழித்து 1960இல் மறைந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் தேர்ச்சி பெற்ற தணிக்கையாளர். 1945இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலில் அவர், ஒரு பொருளை வாங்குபவர் அதன் விலையை மட்டுமின்றி, அது யாருடைய உழைப்பில், எத்தகைய நிலைமையில் உருவானது என்பதையும் தம் பொறுப்பில் ஏற்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். பேரேட்டின் பக்கத்தை ஏறத்தாழ அவர் அகலமாக்கினார் எனலாம்: நகரத்தார் ஏட்டில் கடன்பட்டவரின் பெயரும் தொகையும் இருந்தன, குமரப்பா அவரது நிலத்தையும் உணவையும் சேர்த்தெழுதச் சொன்னார். கணக்கைக் கைவிடாமலே அதன் குறையைத் திருத்த முயன்ற இவ்வழி, மனப்பயிற்சியால் மட்டும் எல்லாம் சரியாகும் என்னும் இன்றைய நம்பிக்கையைவிட உறுதியானது.

இன்று தேவகோட்டைத் தெருக்களில் பல வீடுகள் திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். இப்பெயர்ச்சியில் எவை பிழைத்தன, எவை நின்றுபோயின என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. நாளோடும் வரியோடும் கட்டப்பட்டவை பெரும்பாலும் பிழைத்துள்ளன: புள்ளிக் கணக்கு வெளிநாட்டிலிருப்போரையும் சேர்த்தே எழுதப்படுகிறது, பிள்ளையார் நோன்பு சென்னையிலும் கடல்கடந்த ஊர்களிலும் நகரத்தார் சங்கங்களில் கூட்டாக நடக்கிறது, பழனி நடைக்கு விடுப்பெடுத்து வரும் இளைஞரும் உளர். வளவோடு கட்டப்பட்டவை அவ்வாறு பெயர்ந்து செல்லவில்லை. வேறு வைத்தல் இன்றும் சடங்காக நடக்கிறது. ஆனால் மணமக்கள் ஏற்கெனவே வேறொரு நகரத்து அடுக்ககத்தில் இரண்டு சம்பளத்தோடு குடியேறியிருப்பதால், ஓராண்டுக்குரிய அரிசியை அளந்து கொடுப்பதற்கோ, அது குதிரில் இறங்குவதைக் கண்டு கையைச் சுருக்குவதற்கோ அங்கே இடமில்லை. செலவு கைப்பேசி வழியே நடந்து, வங்கி அதைத் தானே பதிந்துகொள்கிறது; பதிவு முன்னெப்போதையும்விடத் துல்லியமாக இருக்கிறது, அதை எழுதிய கைதான் வீட்டாருடையதாக இல்லை.